கருவுறாத தவளை முட்டை ஏன் இறக்கிறது?

மழைக்காலம் தொடங்கி ஊர்க் குளங்களும் வயலோரக் குட்டைகளும் நிறைந்தவுடன் இரவெல்லாம் தவளைகளின் கச்சேரி கேட்கும். மறுநாள் காலையில், ஆழமில்லாத கரையோரங்களில், புல்லுக்கும் பாசிக்கும் இடையே கூழ் போன்ற ஒரு திரள் கிடப்பதைக் காணலாம். ஊறவைத்த சப்ஜா விதையைப் பார்த்தவர்களுக்கு அதை எளிதில் விளக்கிவிடலாம். கண்ணாடி போன்ற கூழ் உருண்டை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளியே முட்டை. இரண்டொரு நாள் கழித்து அதே திரளை மீண்டும் பார்த்தால், பெரும்பாலான புள்ளிகள் உருண்டை வடிவம் மாறி நீளத் தொடங்கியிருக்கும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முட்டைகள் மட்டும் வெளுத்து, உப்பி, மேலே பஞ்சு படர்ந்தாற்போல் இருக்கும்.

பாடநூல்கள் நீண்டு வளரும் முட்டையின் கதையை விரிவாகச் சொல்லுகின்றன. இரண்டு செல், நான்கு செல், எட்டு செல் என்று படமும் போடுகின்றன. தலைப்பிரட்டை, பின்னங்கால், முன்னங்கால், வால் மறைதல் என அந்தக் கதை இனிதே முடிகிறது. வெளுத்துப்போன முட்டையைப் பற்றிப் பேசுவார் அரிது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல முற்படுவது அதன் கதையை.

வெளுத்த முட்டையைக் கண்டவர் பலர், பூஞ்சை பிடித்ததால் முட்டை செத்துவிட்டது என்றே எண்ணுவர். உண்மையில் வரிசை நேர்மாறானது. நீரில் எப்போதும் திரிந்துகொண்டிருக்கும் நீர்ப்பூஞ்சையின் வித்துகள் முதலில் பற்றுவது இறந்த முட்டையைத்தான். அப்படியானால் பூஞ்சை வருவதற்கு முன்பே அந்த முட்டையைக் கொன்றது எது? நீர் உட்புகுந்து வெடித்ததா? உணவு தீர்ந்ததா? சும்மா கிடந்து அழுகிப் போயிற்றா? இவற்றில் எதுவும் சரியான விடையன்று. விந்தணுவைச் சந்திக்காத தவளை முட்டை, தன்னிடம் உள்ள கருவிகளைக் கொண்டே, ஒழுங்கான முறையில் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. இது ஐயமறத் தெரியவந்தது 2011ஆம் ஆண்டில்தான்.

(வெளுத்த முட்டையெல்லாம் கருவுறாதவை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கருவுற்ற பின் வேறு காரணங்களால் இறப்பனவும் உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது கருவுறாதவற்றை மட்டுமே.)

தவளையின் கருவுறுதல் உடலுக்கு வெளியே நடைபெறுகிறது. ஆண் தவளை பெண் தவளையை முதுகுப்புறமாகப் பற்றிக்கொள்ள, பெண் முட்டைகளை நீரில் வெளியிட, அதே சமயம் ஆண் விந்து நீரை அவற்றின்மேல் விடுகிறது. இன்று நமக்கு இது சாதாரணச் செய்தி. இதை முதன்முதலில் சோதனையால் நிலைநாட்டியவர் ஒரு கத்தோலிக்க குருவானவர் என்பது நம் பள்ளி மாணவியர் அறிந்து மகிழத்தக்கது. அவர் இத்தாலி நாட்டு அருட்தந்தை லாஸரோ ஸ்பலன்சானி (1729-1799). பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர். அவர் ஆண் தவளைகளுக்கு மெல்லிய பட்டுத் துணியில் சிறு கால்சட்டைகள் தைத்து அணிவித்தார்! கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கால்சட்டை ஓர் அருமையான சோதனைக் கருவி. தவளைகள் வழக்கம்போல் இணைந்தன, பெண் முட்டையிட்டது, விந்து நீரோ துணியில் தங்கிவிட்டது. அம்முட்டைகளில் ஒன்றேனும் தலைப்பிரட்டையாகவில்லை. துணியில் தங்கிய துளிகளை எடுத்து வேறு முட்டைகளில் தடவியபோது அவை வளர்ந்தன. 1780இல் வெளியான தம் நூலில் இச்சோதனைகளை அவர் விவரித்துள்ளார்.

ஸ்பலன்சானி விந்து நீரை வடிதாளில் வடிகட்டியும் பார்த்தார். வடிந்த நீருக்குச் சக்தி இல்லை. தாளில் தங்கியதற்கே சக்தி இருந்தது. விந்தணுக்கள் தாளில்தான் தங்கியிருந்தன. விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், விந்தணுக்களுக்கு இதில் பங்கில்லை என்றே அவர் இறுதிவரை கருதினார். அவ்வேலையை முடித்தவர்கள் ஜெனீவாவில் ஆராய்ந்த பிரெவோ, டூமா என்னும் இருவர், ஆண்டு 1824. ஆனாலும் கருவுறாத முட்டைகளைத் தனியே வைத்து, அவை கெட்டுக் கரைவதைப் பொறுமையாகக் கவனித்த முதல் மனிதருள் ஸ்பலன்சானி ஒருவர் என்பதை நாம் மறவோம். அவை ஏன் கெடுகின்றன என்ற கேள்வி அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

கேள்விக்கு வருமுன் முட்டையின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

தவளையின் அண்டகத்தில் முட்டைச் செல்கள் மாதக்கணக்கில் வளருகின்றன. கருவுக்கு வேண்டிய உணவு, புரதங்கள், அவற்றை ஆக்குவதற்கான ஆணைகள் எல்லாம் அங்கேயே சேமிக்கப்படுகின்றன. இக்காலத்தில் முட்டைச் செல் ஒருவகை உறக்கத்தில் இருக்கிறது. அதன் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு தொடங்கிய இடத்திலேயே நின்றுபோயிருக்கும். இனப்பெருக்கக் காலம் வந்ததும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அதைத் தட்டி எழுப்புகிறது. உட்கருவின் சுவர் கரைகிறது. முதல் பகுப்பு முடிகிறது. இரண்டாம் பகுப்பு தொடங்குகிறது. குரோமோசோம்கள் கதிர் இழைகளின் நடுவே வரிசையாக வந்து நிற்கின்றன. மெட்டாஃபேஸ் எனப்படும் அந்தக் கட்டத்தில் முட்டை மறுபடியும் நின்றுவிடுகிறது. இதுவே இரண்டாவது நிறுத்தம். முட்டை அண்டகத்தை விட்டு வெளிப்பட்டு, அண்ட நாளத்தில் இறங்கி, கூழ்ப் போர்வை சுற்றப்பெற்று, நீரில் விழும்வரை இந்நிலையிலேயே இருக்கிறது.

முதல் நிறுத்தமும் இரண்டாம் நிறுத்தமும் பெயரளவில் ஒன்று, தன்மையில் வேறு. முதலாவது படுத்துறங்குவது. இரண்டாவதோ நம் விளையாட்டு விழாவில் ஓட்டக்காரி கோட்டருகே குனிந்து, விசில் ஒலிக்காகக் காத்திருப்பது போன்றது. பார்ப்பவருக்கு அவள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அவளுடைய கால் தசைகளைக் கேட்டால் தெரியும், அந்த அசையாமைக்கு எவ்வளவு உழைப்பு தேவையென்று. படுத்துக் கிடப்பவள் இரவெல்லாம் கிடக்கலாம். குனிந்து நிற்பவள் எத்தனை நேரம் நிற்பாள்?

முட்டையை இப்படி நிறுத்தி வைப்பது எது என்பதை யோஷியோ மசூயி, கிளெமென்ட் மார்க்கெர்ட் ஆகிய இரு விஞ்ஞானிகள் 1971இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அழகாகக் காட்டினர். கருவுற்று இரண்டு செல்களாகப் பிரிந்த ஒரு சிறுத்தைத் தவளைக் கருவை அவர்கள் எடுத்துக்கொண்டனர். கருவுறாத முட்டையிலிருந்து நுண்ணிய ஊசியால் சிறிது செல் சாற்றை எடுத்து, இரண்டு செல்களில் ஒன்றனுள் செலுத்தினர். ஊசி படாத செல் வழக்கம்போல் பிரிந்துகொண்டே போயிற்று. சாறு பெற்ற செல்லோ மெட்டாஃபேஸில் அப்படியே நின்றுவிட்டது. ஆகக் கருவுறாத முட்டையின் சாற்றில் பகுப்பை நிறுத்திப் பிடிக்கும் ஒரு காரணி இருக்கிறது என்பது விளங்கிற்று. அதே ஆய்வு, முட்டையை முதிரச் செய்து பகுப்புநிலைக்குத் தள்ளும் மற்றொரு காரணியையும் காட்டியது. ஒன்று தள்ளுகிறது; மற்றொன்று கடந்துபோக விடாமல் பிடிக்கிறது. இரண்டும் உயர்ந்த அளவில் இருக்கும்வரை முட்டை கோட்டருகே நிற்கும். நிறுத்துங்காரணியில் ‘மோஸ்’ என்ற புரதம் பங்கு பெறுகிறது என்பது 1989இல் தெரியவந்தது.

இப்போது விசில் ஊதப்படும் நேரத்தைப் பார்ப்போம். விந்தணு முட்டையைத் தொட்டு இணைந்த கணத்தில் முட்டையின் சவ்வில் மின்னழுத்தம் மாறி, இரண்டாவது விந்தணு நுழையாதபடி வாயில் அடைபடுகிறது. விந்தணு நுழைந்த இடத்திலிருந்து கால்சியம் அயனிகளின் அலையொன்று புறப்பட்டு, குளத்தில் கல்லெறிந்தாற்போல் முட்டை முழுவதும் சில நிமிடங்களில் பரவுகிறது. முட்டையின் மேலுறை உயர்ந்து விலகுகிறது. நிறுத்துங்காரணி உடைகிறது, தள்ளுங்காரணியின் முக்கிய உறுப்பான சைக்ளின் என்னும் புரதம் அழிக்கப்படுகிறது, முட்டை மெட்டாஃபேஸை விட்டு வெளியேறுகிறது. ஆப்பிரிக்க நகத் தவளையில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு. அதன்பின் அரைமணிக்கொரு பிளவு.

விந்தணு கொண்டுவருவது விசில் ஒலி மட்டுமன்று. குரோமோசோம்களின் மறுபாதியை அது கொண்டுவருகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத மூன்றாவது சீதனம் ஒன்றும் உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது இழைகளை இழுத்துக் கட்டும் மையமான சென்ட்ரியோல் தவளை முட்டையில் இல்லை. முட்டை உருவாகும்போதே அது மறைந்துவிடுகிறது. அதையும் விந்தணுவே கொண்டுவருகிறது. ஆகையால் விந்தணு இல்லாமலே முட்டை எப்படியோ விழித்துக்கொண்டாலும், ஒழுங்காகப் பிரிவதற்கு அதனிடம் கருவி இல்லை.

இதற்கு ஒரு சுவையான சான்று பிரான்ஸ் நாட்டில் கிடைத்தது. திழோன் நகரில் பேராசிரியராயிருந்த யூஜீன் பட்டாயோன் 1910இல் கருவுறாத தவளை முட்டைகளை நுண்ணிய ஊசியால் குத்திப் பார்த்தார். குத்திய மாத்திரத்தில் முட்டைகள் விழித்துக்கொண்டன. ஆனால் வெறும் ஊசி பட்டவை ஒழுங்காகப் பிரியவில்லை. ஊசியின் நுனியில் சிறிது இரத்தம் இருந்தபோது சில முட்டைகள் பிரிந்து, தலைப்பிரட்டைகளாகி, மிகச் சில சிறு தவளைகளாகவும் ஆயின. தந்தையில்லாத தவளைகள்! ஊசி விசிலை மட்டும் ஊதியது. ஊசியோடு சென்ற இரத்த செல்லின் பொருள்கள் விந்தணுவின் மூன்றாவது சீதனத்துக்கு ஈடாயின என்று இப்போது விளக்குகிறார்கள்.

சரி, விந்தணுவும் வரவில்லை, ஊசியும் படவில்லை. அப்போது முட்டை என்ன ஆகிறது?

நீரில் விழுந்த முட்டைக்குக் காலம் மிகக் குறைவு. கூழ்ப் போர்வை நீரை உறிஞ்சி உப்ப உப்ப, விந்தணு உள்ளே செல்வது கடினமாகிறது. விந்தணுக்களும் நன்னீரில் நெடுநேரம் நீந்துவதில்லை. சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுகின்றன. எனவே சந்திப்பு நடந்தால் அந்தச் சிறுபொழுதில், இல்லையேல் இல்லை. அந்த வேளை கடந்த பின்னும் முட்டை உயிரோடுதான் இருக்கிறது. அடுத்து வரும் மணி நேரங்களே நம் கதையின் நடுப்பகுதி.

ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்து ஆய்வாளர் குழு ஒன்று இந்த மணி நேரங்களை ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டைகளில் கூர்ந்து ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்கள் கண்டது இதுவே. யாரும் தூண்டாமலே, கருவுறாத முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே மெட்டாஃபேஸ் நிறுத்தத்தை விட்டு வெளியேறிவிடுகின்றன. பிடித்து நிறுத்தியிருந்த காரணிகளின் அளவு தானே இறங்கிவிடுகிறது. குனிந்து நின்ற ஓட்டக்காரி விசில் ஒலிக்காமலே கால் தளர்ந்து கோட்டைத் தாண்டிவிடுகிறாள். அதற்குப் பிறகு, முட்டை வெளிப்பட்டு 48 மணி நேரத்துக்குள், முட்டைகள் ஒரு குறிப்பிட்ட முறைப்படி இறந்துவிடுகின்றன. சுற்றுச்சூழலை மாற்றிப் பார்த்தபோதும் இதுவே நடந்தது. ஆகவே குளத்து நீரின் குற்றம் இதில் இல்லை.

அந்த முறைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் அப்போப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இது. 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இச்சொல்லை உயிரியலுக்குக் கொண்டுவந்தனர். செல்கள் இருவகையில் இறக்கலாம். தீக்காயத்திலும் நஞ்சிலும் செல் சிதைந்து சாவது ஒருவகை, அது விபத்து. முதிர்ந்த இலை தன் காம்பின் அடியில் தானே ஒரு பிரிவுக்கோடு வகுத்துக்கொண்டு உதிர்வதுபோல, செல் தன்னுள் உள்ள கருவிகளால் தன்னைத்தானே கலைத்துக்கொள்வது மற்றொரு வகை. நம் கை கருவில் உருவாகும்போது விரல்களுக்கு இடையே இருந்த சதை மறைவதும், தலைப்பிரட்டையின் வால் மறைவதும் இந்த இரண்டாம் வகையே. நுண்ணிய புழுவொன்றில் இந்தத் திட்டமிட்ட இறப்பின் மரபணுக்களைக் கண்ட பணிக்காகவே பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

முட்டையில் அது நிகழும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். செல்லின் அடுப்படி எனத்தக்க மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. மூச்சு விடுதலால் பெறும் சக்தியை ஏ.டி.பி. என்னும் பொருளாக மாற்றும் வேலையில் அது அன்றாடம் கைகொடுக்கிறது. இறப்பு தொடங்கும்போது இந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுக் கசிந்து செல் சாற்றில் கலக்கிறது. அடுப்படியில் இருக்கும்வரை சமைக்க உதவிய நெருப்பு, கூரைக்கு எட்டினால் வீட்டையே எரித்துவிடும் அன்றோ? அதுபோல, வெளியே வந்த சைட்டோகுரோம் சி, காஸ்பேஸ் எனப்படும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. காஸ்பேஸ்கள் கத்தரிக்கோல்கள். முட்டை அவற்றை உறையிலிட்டு முன்பிருந்தே வைத்திருந்தது. இப்போது உறை கழன்றுவிட்டது. அவை செல்லின் புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டுகின்றன. ஏ.டி.பி. குறைந்துகொண்டே போகிறது. உட்கருப் பொருள் இறுகித் துண்டு துண்டாகிறது. உட்புறம் வரவர அமிலத்தன்மை அடைகிறது. இறுதியில் முட்டை உப்புகிறது.

இந்த உப்புதல் முட்டைக்கே உரிய புதுமை. மற்ற செல்கள் இவ்வாறு இறக்கும்போது சுருங்கிச் சிறு துண்டுகளாகி, அண்டை செல்களால் விழுங்கப்படும். முட்டைக்கு அண்டையார் யாருமில்லை. ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலமுள்ள பேருருவம். கூழுக்குள் தன்னந்தனியே கிடக்கிறது. அதனால்தான் மற்ற செல்களைப்போல் சந்தடியின்றி மறையாமல், நம் கண்ணுக்குத் தெரியும்படி வெளுத்துக் கிடக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

நிறுத்தத்தை விட்டு வெளியேறுவதால்தான் இறப்பு வருகிறது என்று எப்படிச் சொல்வது? இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் மட்டும் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். கோபே ஆய்வாளர்கள் இதற்கும் விடை தேடினர். எப்போதும் வெளியேறுதலே முந்தியது, இறப்பு பிந்தியது. தள்ளுங்காரணியும் நிறுத்துங்காரணியும் உயர்ந்த அளவில் நீடித்த முட்டைகளில் இறப்பின் அடையாளங்கள் காணப்படவில்லை. முட்டைகளை வேண்டுமென்றே முன்கூட்டி வெளியேறச் செய்தபோது இறப்பும் முன்கூட்டியே வந்தது. இம்மூன்றும் சேர்ந்தபின் ஐயத்துக்கு இடமேது?

அவர்கள் கண்ட மற்றொன்றே எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. அண்டகத்தில் உறங்கும் முதிராத முட்டைச் செல்களில் இந்த இறப்பு அடையாளங்கள் தென்படவேயில்லை. ஆனால் அதே செல்களுக்குப் புரொஜெஸ்டிரோன் கொடுத்து எழுப்பியதும், இறக்கும் திறனும் வந்துவிட்டது! அதாவது தவளையாக மாறும் தகுதியை முட்டை எந்த ஹார்மோனால் பெறுகிறதோ, அதே ஹார்மோனால் இறக்கும் தகுதியையும் பெறுகிறது. உறங்கும் செல் மாதக்கணக்கில் இருக்கும். அதே செல் முதிர்ந்தபின் இரண்டு நாள் தாங்குவதில்லை. உணவு குறைந்ததா என்றால் இல்லை. ஒரு தலைப்பிரட்டையை உருவாக்கப் போதுமான உணவு அதனுள்ளே அப்படியே இருக்கிறது. நிறையக் கட்டிய சோற்று மூட்டையோடு பசியில்லாமலே அது மடிகிறது.

பின் ஏன்? எங்களுக்குத் தோன்றும் விளக்கம் இது. முதிர்ந்த முட்டை தன் மரபணுக்களைப் படித்துப் புதிய ஆணைகள் பெறுவதை நிறுத்திவிட்டது. தாய் எழுதி வைத்துவிட்டுப்போன பழைய ஆணைகளைக் கொண்டே காலம் தள்ளுகிறது. நிறுத்தத்தைப் பிடித்து வைக்கும் புரதங்களோ ஓயாமல் ஆக்கப்பட்டும் அழிக்கப்பட்டும் வருபவை. இப்படிப்பட்ட சமநிலை நெடுநேரம் நிற்காது. அது குலைந்து முட்டை வெளியேறும்போது, அதனிடம் பாதிக் குரோமோசோம்கள் மட்டுமே உண்டு. பிரிவதற்கு மையமும் இல்லை. முன்னே போகவும் வழியில்லை. பழையபடி உறங்கவும் முடியாது. அந்த இடத்தில்தான் உறையிலிருந்த கத்தரிக்கோல் வெளியே வருகிறது.

அந்தக் கத்தரிக்கோல் கருவுறாத முட்டைக்கென்று தனியே வைக்கப்பட்டது அன்று. கருவுற்ற முட்டையும் அதே கருவியைத் தாயிடமிருந்து பெற்றே வருகிறது. செல்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, கரு தன் உடலடுக்குகளை மடித்து அமைக்கத் தொடங்கும்வரை அது பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கரு மிகுதியும் பழுதுபட்டிருந்தால் அவ்வேளையில் பூட்டுத் திறக்கும். இந்தக் கருவியின் உறுப்புகளை விஞ்ஞானிகள் கற்றதும் தவளை முட்டையிடந்தான். கருவுறாத முட்டைகளைப் பிழிந்தெடுத்த சாறு சோதனைக் குழாயிலேயே அப்போப்டோசிஸ் நடத்திக் காட்டுகிறது என்பதும், அதற்கு மைட்டோகாண்ட்ரியா அவசியம் என்பதும் 1994இல் தெரியவந்தன. புற்றுநோயில் செல்கள் இறக்க மறுப்பது ஏன் என்று ஆராய்பவர்களுக்கு இச்சாறு ஒரு பாடசாலை.

தென்னாப்பிரிக்கத் தவளை எப்படி உலகத்து ஆய்வகங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது என்று கேட்கலாம். அதற்கும் கருவுறாத முட்டையே காரணம். கேப் டவுனில் பணியாற்றிய லான்சிலட் ஹாக்பென் என்னும் ஆங்கில விலங்கியலார், இத்தவளை ஹார்மோன்களுக்கு உடனே இணங்கி முட்டையிடுவதைக் கவனித்தார். கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் அத்தகைய ஹார்மோன் ஒன்று உண்டு. அச்சிறுநீரைச் சிறிது பெண் தவளைக்கு ஊசி மூலம் செலுத்தினால், மறுநாளைக்குள் தவளை முட்டையிடும். 1930களில் தொடங்கி 1960கள் வரை மேல்நாட்டு மருத்துவமனைகளில் இதுவே கர்ப்பப் பரிசோதனை! ஆண் தவளை அருகில் இல்லாமல் இட்ட முட்டைகளாதலால் அத்தனையும் கருவுறாதவை. எத்தனையோ தாய்மார்களுக்கு முதல் நற்செய்தியைச் சொல்லிவிட்டு, இரண்டு நாளில் அவை வெளுத்துப்போயின.

தோழியரே, இது தவளையின் கதை மட்டுமென்று எண்ணிவிட வேண்டா. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் அண்டகங்களில் பத்து லட்சத்துக்குக் குறையாத முட்டைச் செல்கள் உறங்குகின்றன. குன்றல் பகுப்பு தொடங்கிய இடத்தில், தவளையின் முட்டைச் செல் நிற்கும் அதே இடத்தில், அவையும் நிற்கின்றன. பூப்பெய்தும் வயதில் எஞ்சியிருப்பவை சில லட்சங்களே. வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுவன ஏறக்குறைய நானூறு. மற்றவையெல்லாம் இதே அப்போப்டோசிஸ் முறையில் சந்தடியின்றி மறைகின்றன. வெளிப்படும் ஒரு முட்டையும் இரண்டாம் பகுப்பின் அதே மெட்டாஃபேஸில் நின்றுதான் காத்திருக்கிறது. அது கருவுறும் தகுதியோடு இருப்பது சுமார் ஒரு நாள். மாதந்தோறும் உடலில் நடக்கும் மாற்றத்தைக் கூச்சத்தோடும் அச்சத்தோடும் ‘அழுக்கு’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. ஒரு செல்லின் காத்திருப்பும், கருவுக்கென ஆயத்தம் செய்த கருப்பை அந்த ஆயத்தத்தைக் கலைப்பதுமே அங்கே நடப்பது என்று அறிந்தவள் அச்சொல்லை ஏற்கமாட்டாள்.

இனி, குளக்கரையில் நேரில் பார்க்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. முட்டையின் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெளிர் நிறம். கனமான உணவுப் பொருள் வெளிர்ந்த பக்கத்தில் இருக்கிறது. கருவுற்றவுடன் மேலுறை விலகி, உள்ளே முட்டை தடையின்றித் திரும்ப இடம் கிடைப்பதால், சிறிது நேரத்தில் எல்லாம் கறுப்புப் பக்கம் மேலாகத் திரும்பி நிற்கும். கருவுறாதவையோ கூழில் விழுந்தபடியே, ஒன்று சாய்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடக்கும். ஆகையால் இட்டு ஒரு மணி நேரத்துக்குள் பார்ப்பவர், கைக்கண்ணாடி கூட இல்லாமல், வளரப்போவது எது வெளுக்கப்போவது எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடுத்த நாள் கறுப்புப் பகுதியில் திட்டுத் திட்டாக நிறம் கலைவதும், பிறகு முட்டை உப்பி வெளுப்பதும் காணலாம். திரளை வீட்டுக்கு எடுத்துவர வேண்டா. இருந்த இடத்திலேயே பார்ப்பது நல்லது. ஆய்வகத் தொட்டிகளிலும் மீன்குஞ்சுப் பண்ணைகளிலும் மட்டும் வெளுத்த முட்டைகளை அன்றன்றே பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் விட்டால், அவற்றின்மேல் படர்ந்த பூஞ்சையின் இழைகள் பக்கத்திலுள்ள உயிருள்ள முட்டைகளையும் தொட்டுவிடும்.